மணிக்கு 9,500 வெள்ளியாம், பினாங்குக்கு சின்ன ப்ளேன் சார்ட்டர் பண்ணலாமா?

கேள்வி: வணக்கம் தம்பி, நாங்க கிள்ளான்ல இருக்கோம். அடுத்த மாசம் பினாங்குல என் தங்கச்சி மக கல்யாணம். அப்பாவுக்கு 78 வயசு, முட்டி ஆப்பரேஷன் பண்ணி நாலு மாசம்தான் ஆகுது, காடியில அஞ்சு மணி நேரம் உக்கார முடியாது. நாங்க எட்டு பேரு, எல்லாரும் காசு போட்டு சுபாங் ஏர்போர்ட்ல இருந்து சின்ன டர்போபிராப் (முன்னாடி விசிறி சுத்துற ப்ளேன்) ஒன்னு முழுசா வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். வாட்ஸ்அப்ல ஒரு ஏஜெண்ட், கிங் ஏர் 350, மணிக்கு 9,500 வெள்ளி, சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பலாம், இன்னிக்கு ராத்திரிக்குள்ள பாதிக் காசை அவரோட சொந்த அக்கவுண்டுல போடுங்கன்னு சொல்றாரு. போடலாமா?

பதில்: போடாதீங்கக்கா. இன்னும் போடலன்னா இன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்குங்க, நாளைக்குக் காலையில அவருகிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல அந்த 9,500 கணக்கைப் பாப்போம். சுபாங்ல இருந்து பினாங்கு நேர்கோட்டுல சுமார் 280 கிலோமீட்டர், கிங் ஏர் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல பறக்கும், ஆனா கணக்கு பறக்குற நேரத்துக்கு மட்டும் இல்ல, கிளம்புற இடத்துல சக்கரம் உருள ஆரம்பிச்சதுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும்னு பொதுவா போடுவாங்க, அதனால ஒரு மணி நேரம்னே வச்சுக்குவோம். போக வர ரெண்டு மணி, 19,000 வெள்ளின்னு நீங்க மனசுக்குள்ள போட்டிருப்பீங்க. ஆனா அந்த ப்ளேன் சனிக்கிழமை உங்களை இறக்கிவிட்டுட்டு காலியா சுபாங் திரும்பி, ஞாயித்துக்கிழமை மறுபடி காலியா வந்து உங்களை ஏத்துச்சுன்னா மொத்தம் நாலு மணி நேரம், 38,000 வெள்ளி, ஏன்னா காலியா பறந்தாலும் காசு நீங்கதான் கட்டணும். சரி, பினாங்குலயே ராத்திரி நிக்கட்டும்னா பார்க்கிங், ரெண்டு பைலட்டுக்கு ஹோட்டல், காத்திருக்குற சார்ஜ்னு வரும், சில கம்பெனி ஒரு நாளைக்குக் குறைஞ்சது இத்தனை மணி நேரம்னு வேற பில் போடும். அதனால மணிக்கு எவ்ளோன்ற பேச்சையே விட்டுட்டு, லேண்டிங் ஃபீஸ், எண்ணெய், டேக்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் ஒரே தொகையா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, ரெண்டு விதத்துக்கும் தனித்தனியா கேளுங்க. ஜெட் எடுங்கன்னு ஆசை காட்டினா வேண்டாம், இவ்ளோ கிட்டத்துக்கு ஜெட்டுல மிச்சமாகுறது சில நிமிஷம்தான், எண்ணெய்ச் செலவுதான் கூடும்.

அடுத்து, ஏஜெண்ட் வேற, ப்ளேன் ஓட்டுற கம்பெனி வேற. அந்தக் கம்பெனிகிட்ட சிஏஏஎம் (நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம்) குடுத்த ஏஓசி, அதாவது ப்ளேன் ஓட்டுற கம்பெனிக்கான சான்றிதழ், இருக்கணும், அட்டவணை இல்லாத சார்ட்டருக்கான பெர்மிட்டும் இருக்கணும் (முன்னாடி பெர்மிட் விஷயத்தைப் பாத்துக்கிட்டது மாவ்கோம்ன்ற தனி ஆணையம், 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து அது சிஏஏஎம்மோட சேர்ந்துருச்சு). ரெண்டோட காப்பியும் கேளுங்க, ப்ளேனோட பதிவு நம்பரும் கேளுங்க, நம்ம நாட்டுல பதிஞ்சதுன்னா 9எம்-னு ஆரம்பிக்கும். சொந்தமா ப்ளேன் வச்சிருக்குற யாரோ ஒருத்தர் லைசென்ஸ் இல்லாம காசு வாங்கிட்டு ஏத்திட்டுப் போறதும் நடக்குது, யாராவது கேட்டா நண்பர்னு சொல்லுங்கன்னு சொன்னாங்கன்னா அந்த நிமிஷமே விலகிடுங்க. அப்படிப் பறந்தா இன்சூரன்ஸும் செல்லாமப் போகலாம்.

காசு கம்பெனி அக்கவுண்டுக்குத்தான் போகணும். ஏஜெண்ட் குடுத்த அக்கவுண்ட் நம்பரை, மோசடி அக்கவுண்டான்னு பாக்குற போலீஸோட செமாக் மியூல் இணையப் பக்கத்துல தட்டிப் பாருங்க, ஆனா அதுல பேரு வரலன்றதுக்காக நல்ல ஆளுன்னு நம்பிடாதீங்க. எங்க சொந்தத்துல ஒருத்தர் லங்காவிக்கு புக் பண்ணி, அன்னிக்கு வேற சின்ன ப்ளேன் வந்து நின்னுச்சு, நாலு பெட்டியை விட்டுட்டுப் போனாங்க, ஒப்பந்தத்துல எந்த ப்ளேன்னே எழுதல, அதனால ஒன்னும் கேக்க முடியல. நீங்க ப்ளேன் மாடல், ரிப்பேர் ஆனா மாத்து ப்ளேன், மழையில கேன்சல் ஆனா எவ்ளோ திரும்பும், எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. குடும்பப் பயணம்ன்றதால தகராறு வந்தா பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், பதிவுக்கு 5 வெள்ளிதான், எழுத்து இருந்தா பேச்சு சுலபம். கிளம்புறதைக் காலையில வச்சுக்கோங்க, நம்ம பக்கம் இடிமழை சாயங்காலம்தான் அதிகம்.

எட்டு பேரோட எடையும் பெட்டி எடையும் கேப்பாங்க, கூச்சப்படாம உள்ளதைச் சொல்லுங்க, சீர் தட்டு, பட்டுப்புடவைப் பெட்டி எல்லாம் சேர்த்து. கிங் ஏர்ல ஒன்பது சீட்டு இருக்குன்றதால ஒன்பது பேரும் முழு லக்கேஜும் ஏறும்னு அர்த்தம் இல்ல. பெரிய கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப் பையா எடுத்துக்கோங்க.

எனக்குப் பெரிய கவலை அப்பாதான். கிங் ஏர் உள்ள உயரம் சுமார் 1.45 மீட்டர்தான் அக்கா, நிமிந்து நிக்க முடியாது, குறுகலான படியில ஏறி, குனிஞ்சபடியே நடந்து சீட்டுக்குப் போகணும். நாலு மாச முட்டியோட அதைச் செய்ய முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, கம்பெனிகிட்ட சொல்லி ஒரு நாள் சுபாங்ல நிக்கிற ப்ளேனைக் காட்டச் சொல்லி அப்பாவை ஏறிப் பாக்க வைங்க, நல்ல கம்பெனின்னா மாட்டேன்னு சொல்லாது. கஷ்டப்பட்டாருன்னா சுபாங்ல இருந்தே பினாங்குக்கு ஃபயர்ஃபிளை விமான கம்பெனியோட ஏடிஆர் ப்ளேன் போகுது, அதுவும் டர்போபிராப்தான், உள்ள நிமிந்து நடக்கலாம், வீல்சேர் வேணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. இல்லன்னா கேஎல் சென்ட்ரல்ல இருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில், நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா அப்பா அப்பப்போ எழுந்து நாலு எட்டு நடந்துக்கலாம்.