எட்ட வைத்த எஞ்சின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலை முன்வைத்து எனக்கும் என் கல்லூரி நண்பனுக்கும் வாக்குவாதம் முற்றி, மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. அதன் இரண்டு எஞ்சின்களும் மெலிந்த தூண்களின் முனையில், கப்பலுக்கு மேலே தனியாக நிற்கின்றன. உந்துவிசை நிறைமையத்தின் வழியாகப் போகாததால் கப்பல் குட்டிக்கரணம் அடிக்கும், தூணும் முறியும் என்கிறேன் நான். எஞ்சின்கள் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும் என்று தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியே விதி வகுத்துவிட்டார், அதற்குமேல் பேச்சில்லை என்கிறான் அவன். யார் சொல்வது சரி? தமிழில் இத்தகைய விண்கப்பல் கதைகள் ஏன் வளரவில்லை?

க.

அன்புள்ள க.,

இரட்டைப்படை விதியை முதலில் ஓரமாக வைப்போம். 1975இல் வெளிவந்த ஸ்டார் டிரெக் தொழில்நுட்பக் கையேட்டிலேயே ஒற்றை எஞ்சின் கப்பலும் உண்டு, மூன்று எஞ்சின் கப்பலும் உண்டு. 1994இல், ‘அடுத்த தலைமுறை’ என்ற பிந்தைய ஸ்டார் டிரெக் தொடரின் கடைசி அத்தியாயத்தில், எண்டர்பிரைஸுக்கே மூன்றாவது எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள்.

உங்கள் வாதமும் தேறாது. அந்த எஞ்சின் எதையும் கக்கி உந்துவதில்லை, விண்வெளியையே வளைக்கிறது என்பது கதை. அதற்கு நெம்புகோல் கணக்குப் போடுவது கனவில் வந்த மாட்டுக்குப் புல் அறுப்பதுபோல. நிஜத்திலேயே அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மூன்று முதன்மை எஞ்சின்களும் பெரிய எரிபொருள் தொட்டிக்கு ஒரு பக்கமாகத்தான் இருந்தன. அவற்றைச் சாய்த்துப் பொருத்தி, எரிபொருள் தீரத்தீர மையம் நகரும்போது எஞ்சின் வாய்களையும் திருப்பிக்கொண்டு 1981 முதல் 2011 வரை ஏறினார்கள். இதற்காகவா மூன்று வாரம் பேசாமல் இருக்கிறீர்கள்? வெட்கமாக இல்லையா?

தமிழில் ஏன் இல்லை என்பதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘தனியாக’ என்ற சொல். அந்தக் கப்பலை வரைந்த மாட் ஜெஃப்ரீஸ், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். பிறகு இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட பழைய விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டியவர். எஞ்சினின் குணம் அவருக்குத் தெரியும். இவ்வளவு சக்தி உள்ள ஒன்றின் பக்கத்தில் மனிதர்கள் குடியிருக்கக்கூடாது, கெட்டுப்போனால் கழற்றி மாற்றவும் வாகாக இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் எட்ட வைத்தார். இயற்பியல் அல்ல, ஒரு மெக்கானிக்கின் பயம் அது.

அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1947 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த போயிங் பி-47 என்ற குண்டுவீச்சு விமானம், ஜெட் எஞ்சின்களை இறக்கைக்குள் புதைக்காமல் கீழே தொங்கவிட்டது. தீப்பிடித்தாலும், உள்ளே சுழலும் தகடு உடைந்து தெறித்தாலும், சேதம் வெளியோடு போகட்டும் என்பது காரணங்களில் ஒன்று. 1949இல் பறந்த பிரிட்டனின் காமெட் என்ற பயணி விமானம், நான்கு எஞ்சின்களையும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் புதைத்துக்கொண்டது. என்ன அழகான விமானம்! (பிறகு சில காமெட்கள் வானிலேயே உடைந்து விழுந்ததற்குக் காரணம் வேறு, உடற்கூட்டின் உலோகச் சோர்வு. அதை இங்கே இழுக்காதீர்கள்.) ஆனால் இன்று எந்தப் பெரிய பயணி விமானத்தின் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாலும் எஞ்சின் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் எடை, மேல்நோக்கி வளையப் பார்க்கும் இறக்கையைப் பிடித்தும் வைக்கிறது. தூண் முறியும் என்கிறீர்களே, பல விமானங்களில் எஞ்சினைத் தாங்கும் ஆணிகளை அளவுமீறிய விசை வந்தால் முறியட்டும் என்றே செய்தார்கள். எஞ்சின் போனாலும் இறக்கை பிழைக்க வேண்டும். நீங்கள் குறை என்று கண்டுபிடித்தது அங்கே ஏற்பாடு. கொஞ்சம் படித்துவிட்டுச் சண்டை போடக்கூடாதா?

எங்கள் ஊர் அரிசி ஆலையிலும் டீசல் எஞ்சின் தனிக் கொட்டகையில்தான் இருந்தது. சுவரில் ஒரு பொந்து. அதன் வழியாக நீளமான பெல்ட் ஆலைக்குள் வரும். நெல் குத்த வந்தவர்கள் பெல்ட்டை மட்டுமே பார்ப்பார்கள். எஞ்சினைக் குளிர்வித்து வெளியேறும் வெந்நீர் ஒரு சிமென்ட் தொட்டியில் விழும். மார்கழியில் அதில் குளிப்பதற்காகவே நாங்கள் போவோம். கொட்டகை வாசலைத் தாண்டினால் மட்டும் டிரைவர் தாத்தா எண்ணெய்க் கந்தலைச் சுழற்றிக்கொண்டு வருவார். உள்ளே குழந்தைகள் வரக்கூடாது, பெண்கள் வரக்கூடாது, முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டாமல் வரக்கூடாது.

ஜெஃப்ரீஸை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாத்தாவின் நினைவுதான் வருகிறது. எஞ்சினை எட்ட வைத்துவிடலாம். பழுது பார்க்க யாராவது போக வேண்டுமே? கப்பலின் வெளிப்புறத்தில் கருவி எதையும் வைக்காமல் வழவழப்பாக விட்டார் ஜெஃப்ரீஸ். பழுதென்றால் உள்ளே இருந்தபடியே பார்க்கட்டும், உயிரைப் பணயம் வைத்து வெளியே போக வேண்டாம் என்று நினைத்தார். கப்பலுக்குள் ஊர்ந்து ஏறும் சாய்ந்த குழாய்ப் பாதைக்குப் படப்பிடிப்புக் குழுவினர் விளையாட்டாக அவர் பெயரையே வைத்தார்கள்: ஜெஃப்ரீஸ் குழாய். நீங்களும் நண்பரும் கப்பலை வெளியிலிருந்தே பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். அந்தக் குழாய்க்குள் ஒருவன் மூச்சுமுட்ட ஊர்ந்துகொண்டிருப்பது உங்கள் வாக்குவாதத்தில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

தாத்தாவுக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தம். வீட்டில் பாட்டி கத்தித்தான் சோறு போட வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை, தொட்டியில் நின்றபடி, கத்திக் கேட்டேன். இரண்டு தடவை கத்திய பிறகே அவருக்குப் புரிந்தது. பஞ்சு வைத்துக்கொண்டால் எஞ்சின் இருமுவது எப்படிக் கேட்கும் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

நண்பரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்