புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி மருந்து ஜெல்லாக வருகிறதாமே, அதற்காக அப்பாவின் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடாதீர்கள். அடுத்த தேதிக்குக் கட்டாயம் கூட்டி வாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்காட்டிலிருந்து அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, பெம்ப்ரோலிசுமாப் என்ற அந்த இம்யூனோதெரபி மருந்தை ஏற்றி முடியும்வரை உட்கார்ந்திருந்து, வாந்தியோடு இருக்கும் அப்பாவைத் திரும்ப மலையேற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று சேலத்தில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜெல் என்பது நல்ல யோசனைதான். நரம்பு வழியாக ஏற்றும் மருந்து உடம்பு முழுக்கப் போய் எல்லா இடத்திலும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை எடுத்துவிடுவதால்தான் குடல், தைராய்டு, நுரையீரல், கல்லீரல் எல்லாம் சில சமயம் அடிவாங்குகின்றன. கட்டியிலோ, கட்டியை எடுத்த குழியிலோ ஜெல்லை வைத்தால் மருந்து அங்கேயே மெதுவாகக் கசியும், உடம்பின் மற்ற பாகங்களுக்குக் குறைவாகப் போகும். ஆனால் இது பெரும்பாலும் எலிகளில் பார்த்த பலன். இந்த மருந்து ஆன்டிபாடி என்ற பெரிய புரதம், உடல் சூட்டில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும், முதல் நாளே மொத்தமாக வெளியே கொட்டிவிடவும் கூடாது. எனக்குப் பெரிய கவலை வேறு: பக்கவிளைவு வந்தால் அடுத்த டோஸை நிறுத்தலாம், உள்ளே கசிந்துகொண்டிருக்கும் ஜெல்லை அப்படி நிறுத்துவது சுலபமில்லை.

ஜெல் மருந்தே இல்லை என்று சொல்லவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு லியூப்ரோலைடு 2002 முதல் அமெரிக்காவில் தோலுக்கடியில் போடும் ஜெல்லாக இருக்கிறது, அது ஹார்மோன் சிகிச்சை. 2020-ல் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய்க்கு மைட்டோமைசின் ஜெல் வந்தது, குளிர்ச்சியில் திரவம், உடல் சூட்டில் கெட்டியாகும், அது கீமோ. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த அட்டெசோலிசுமாப், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துகளின் தோலடி ஊசிகளைத்தான் பலர் ஜெல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில நிமிடத்தில் போட்டு முடிக்கலாம், மற்றபடி மாதக்கணக்கில் கசிகிற சமாச்சாரம் இல்லை.

உங்கள் அலைச்சலுக்கு இப்போதே ஒரு வழி உண்டு. பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்பதற்குப் பதிலாக ஆறு வாரத்துக்கு 400 மில்லிகிராமாகவும் கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு அது சரிப்படுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், செலவு பெரிதாகக் குறையாது, பயணம் பாதியாகும். அப்புறம் ஒன்று, தொடர்ந்து பேதியோ மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த தேதிவரை பார்க்காமல், இரவானாலும் வண்டி பிடித்துக் கீழே இறங்கிவிடுங்கள்.