மருமகன் பைலட் ஆக எந்தப் பாடம் படிக்கவேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் பிறந்தவன். கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள அமெரிக்க விமானப்படை அக்கடமியில் முதலாம் ஆண்டை முடிக்கிறான். சண்டை விமானம் ஓட்டவேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்தே அவன் ஆசை. இப்போது மேஜர், அதாவது பட்டத்துக்கான பிரதான பாடம், தெரிவு செய்யும் நேரம். அவன் வரலாறு எடுக்கப்போகிறேன் என்கிறான். மச்சானோ, "பிளேன் ஓட்டப் போறவன் எஞ்சினியரிங் படிக்காமல் சரித்திரம் படிக்கிறதோ?" என்று குதிக்கிறார். நான் இங்கேயிருந்து இரண்டு பக்கத்துக்கும் வட்ஸ்அப்பில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் சொல்வது சரி? இன்னொன்று: என் மகன் இங்கே உயர்தரத்தில் கணிதப் பிரிவு. அவனும் அங்கே போக வழி உண்டா?

ஒரு தாய்மாமன், கோண்டாவில்

அன்புள்ள ஐயா,

மருமகன் சொல்வதுதான் சரிக்குக் கிட்ட. 

அந்த அக்கடமியில் பைலட் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது மேஜர் ஒரு தகுதி இல்லை. படிப்புப் புள்ளி, இராணுவ நடத்தைக்கான புள்ளி, உடற்தகுதிப் புள்ளி மூன்றையும் சேர்த்து வகுப்பை வரிசைப்படுத்துகிறார்கள். மூன்றிலும் படிப்புக்கே நிறை அதிகம். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குக் கிட்டப் பட்டம் பெற்று வெளியேறுவார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பைலட் பயிற்சிக்குப் போகிறார்கள். ஆகவே வரிசையின் நடுவில் நிற்பவருக்கும் வாய்ப்பு உண்டு, அடியில் நிற்பவருக்குத்தான் சிக்கல்.

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் வழமையாகத் தடக்கி விழும் இடம் இதுதான். நமக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பழகிவிட்டது. கடினமான பாடத்தில் 60 எடுத்தவரும் இலகுவான பாடத்தில் 75 எடுத்தவரும் ஒரே இசட் புள்ளி பெறலாம், பாடத்தின் கடினத்தைக் கணக்கில் எடுப்பதற்கென்றே அந்த முறை வந்தது. அங்கே அப்படி ஒரு சமன்படுத்தல் கிடையாது. வான்பொறியியலில் எடுத்த பி, வரலாற்றில் எடுத்த பி, இரண்டும் சராசரிக்குள் ஒரே எண்ணாகத்தான் போகும். கஷ்டமான மேஜரை எடுத்து, 4.0 உச்சமான சராசரியில் 2.6இல் நிற்பவரைவிட, பிடித்த மேஜரில் 3.5 எடுத்தவர் முன்னுக்கு நிற்பார். 2.0க்குக் கீழே விழுந்தால் பைலட் கனவை விடுங்கள், அக்கடமியில் தொடர்வதே கேள்விக்குறி.

படிப்பு மட்டுமல்ல, நேரமும் போகும். வரைபும் செயல்திட்டமுமாக இரவிரவாக விழித்திருப்பவரின் ஓட்டநேரம் கூடும், தண்டால் எண்ணிக்கை குறையும், படைப்பிரிவில் பொறுப்பு எடுக்கவும் ஆள் இருக்கமாட்டார். ஒரு புள்ளியைத் துரத்தப்போய் மூன்றும் இறங்கும்.

மச்சானின் பயத்துக்கும் ஒரு மருந்து இருக்கிறது. வரலாறு எடுத்தாலும் மருமகன் கணிதத்திலிருந்து தப்பமுடியாது. நுண்கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், மின்பொறியியல், வான்பறப்பியல், விண்பறப்பியல் எல்லாம் எந்த மேஜர்காரருக்கும் கட்டாயப் பொதுப்பாடங்கள். இதனால் அங்கே வரலாறு படித்தவருக்கும் விஞ்ஞானமாணிப் பட்டம்தான், பி.எஸ்சி. சபையில் சொல்வதற்கு மச்சானுக்கு அது போதும்.

பொறியியல் எடுக்கவேண்டியவர் யார்? அதை உண்மையாகவே விரும்புபவர். அடுத்தது, பிற்காலத்தில் சோதனை விமானி, அதாவது புது விமானங்களை ஓட்டிச் சோதிப்பவர், ஆக எண்ணுபவர். கலிபோர்னியாவின் எட்வேர்ட்ஸ் தளத்திலுள்ள சோதனை விமானிப் பள்ளி பொறியியல், கணிதம், பௌதிக விஞ்ஞானம் போன்ற பட்டங்களைத்தான் எதிர்பார்க்கும். நாசாவுக்கு விண்வெளி வீரராக விண்ணப்பிக்கவும் விஞ்ஞான, தொழில்நுட்பத் துறையில் முதுமாணியோ அதற்குச் சமமாக ஏற்கப்படும் தகுதியோ வேண்டும், சோதனை விமானிப் பள்ளியை முடித்ததும் அப்படி ஒரு தகுதி. இந்த இரண்டும் மருமகனின் கணக்கில் இருந்தால் இப்போதே யோசிக்கட்டும். இல்லையென்றால் வேண்டாம்.

பறக்கும் பயிற்சியில் பொறியியல் பட்டம் கைகொடுக்கும் என்பதும் பாதிதான் உண்மை. அங்கே காற்றியக்கம், காலநிலை, வழிகாணல், இயந்திரத் தொகுதிகள் எல்லாம் அடியிலிருந்து படிப்பிப்பார்கள். ஆட்களை வீழ்த்துவது வேறு. எஞ்சின் நின்றால் முதல் என்ன, அடுத்து என்ன என்ற அவசரப் படிமுறைகளை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். பயிற்றுநர் ஒரு நிலைமையைச் சொல்லி எழுப்பிவிடுவார், வகுப்பின் முன் நின்று கையாளவேண்டும். தடுமாறினால் அன்றைக்குப் பறப்பு இல்லை. சிலருக்கு வயிற்றைக் குமட்டுவதே பெரிய எதிரி. அக்கடமியிலேயே கிளைடர் எனும் எஞ்சின் இல்லாத விமானத்தில் பறப்புப் பாடம் உண்டு, அதை விடாமல் எடுத்தால் இந்தச் சங்கதி முன்கூட்டியே தெரிந்துவிடும். சண்டை விமானமா, சரக்கு விமானமா என்பதையும் இந்தப் பயிற்சியின் தரவரிசையும் படையின் தேவையும்தான் முடிவு செய்யும். மேஜருக்கு அதில் இடமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் மேஜரைவிடப் பெரிது: கண். அக்கடமிக்குள் நுழையும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையைத் தேறியது, பறப்புக்கான பரிசோதனையைத் தேறியது ஆகாது. அது பின்னால் வரும், அதன் அளவுகோல் கடுமை. கண்ணாடி இல்லாத தூரப்பார்வை 20/70ஐவிட (சாதாரணக் கண் 70 அடியில் வாசிப்பதை 20 அடியில் வாசிப்பது) மோசமாக இருக்கக்கூடாது, கண்ணாடியோடு 20/20, அதாவது சாதாரணப் பார்வை, வரவேண்டும். ஆழம் உணரும் பார்வை, நிறப்பார்வை இரண்டும் தனித்தனியே சோதிக்கப்படும். 13 வயதுக்குப் பின் ஆஸ்துமா இருந்திருந்தால் விசேட விலக்கு வாங்கவேண்டும். லேசர் சத்திரசிகிச்சைக்கு இடமுண்டு, ஆனால் அக்கடமியின் வைத்தியரைக் கேட்காமல் விடுமுறையில் வெளியே போய்ச் செய்துகொண்டால் காரியம் கெடலாம்.

நிறப்பார்வையில் தாய்மாமன் என்ற முறையில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சிவப்பு-பச்சை நிறக்குருடு தாய்வழியாக வருவது. உங்கள் தகப்பனாருக்கு அது இருந்திருந்தால் உங்கள் தங்கை அதைக் கட்டாயம் காவுவார், மருமகனுக்கு வர 50 வீத வாய்ப்பு. தகப்பனாருக்கு இல்லாமல் உங்களுக்கு மட்டும் இருந்தால் 25 வீதம். நிறக்குருட்டைச் சோதிக்கும் இஷிஹாரா புள்ளிப் படத்தை நீங்களே ஒருக்கால் பார்த்துவிட்டுத் தங்கைக்குச் சொல்லுங்கள்.

இனி மேஜர் எதற்குத்தான் உதவும்? பறக்க முடியாமல் போனால். கண்ணோ முதுகோ பயிற்சியோ கைவிட்டால், படை அவரை உளவு, சைபர், பொறியியல், நிர்வாகம் என்று எங்காவது போடும். அப்போது மேஜரைப் பார்ப்பார்கள். அதனால் மருமகனிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, "விமானம் இல்லாமல் ஐந்து வருஷம் இந்தத் துறையில் வேலை செய்யச் சம்மதமோ?" என்பதுதான். பட்டத்துக்குப் பின் குறைந்தபட்சச் சேவை ஐந்து ஆண்டு, பைலட் ஆனால் பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து ஆண்டு. மூன்றாம் ஆண்டு வகுப்பில் போய் இருந்தவுடன் இந்தச் சேவைக் கட்டுப்பாடு தொடங்கும். அதற்குப் பிறகு விட்டுவந்தால் சாதாரண படைவீரராகச் சேவை செய்யவோ செலவைத் திருப்பிக் கட்டவோ வேண்டிவரும்.

கடற்படையின் அன்னாபொலிஸ் அக்கடமிக்குக் கணக்குச் சற்று வேறு. அங்கே பட்டதாரிகளில் குறைந்தது 65 வீதம் தொழில்நுட்ப மேஜராக இருக்கவேண்டும் என்பது கொள்கை. ஆங்கில இலக்கியம் படித்த கடற்படை பைலட்டும் உண்டு. ஆனால் விமானத் தகுதித் தேர்வை வாழ்நாளில் மூன்று தடவைதான் எழுதலாம், ஆயத்தமில்லாமல் ஒன்றைக்கூட வீணாக்கக்கூடாது.

உங்கள் மகன் விஷயம். அமெரிக்கப் பிரஜை அல்லாதவர்களுக்கு அந்த அக்கடமி ஒவ்வொன்றிலும் சட்டப்படி ஒரு நேரத்தில் 60 இடம்வரைதான், அதுவும் உலகம் முழுவதற்கும். தனியாக விண்ணப்பிக்க முடியாது, சொந்த நாட்டு அரசாங்கம் அனுப்பவேண்டும். முடித்தபின் தன் நாட்டுப் படைக்கே திரும்பவேண்டும், அமெரிக்க விமானப்படையில் பைலட் ஆகமுடியாது. இங்கேயே இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விமானப்படையின் பறப்புப் பயிற்சி திருகோணமலை சீனக்குடாவில் நடக்கிறது. வயது, உயரம், சாதாரணதரப் பெறுபேறு பற்றிய நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் விளம்பரத்திலேயே பாருங்கள், ரியூசன் வாசலில் கேட்டதை நம்பவேண்டாம். கணிதப் பிரிவு என்பதால் பாடத்தில் கவலையில்லை. ஆங்கிலத்தில் கேட்டு உடனே திருப்பிச் சொல்லும் பழக்கத்தை இப்போதே தொடங்கட்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான்.