மனதையும் உடலையும் சேர்த்து அளக்கும் படிப்பு: பயோமெடிக்கலா, சைக்காலஜியா?

"என் மகள் பிளஸ் டூவில் பயோ மேத்ஸ் குரூப் படிக்கிறாள். டாக்டராகும் எண்ணம் இல்லை. பயம், பதற்றம், கவனம் எல்லாம் உடம்பில் எப்படித் தெரிகின்றன, அவற்றைக் கருவி வைத்து எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் அவளுக்கு ஆர்வம். சைக்கோபிசியாலஜி என்று பெயர் சொல்கிறாள். அதற்குத் தனி டிகிரி உண்டா? பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்ப்பதா, பி.எஸ்சி. சைக்காலஜியில் சேர்ப்பதா? வேலை கிடைக்குமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடியான பதில். அந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். இது இரண்டு துறைகள் சேரும் இடம். ஒரு துறையில் பட்டம் வாங்கிக்கொண்டு, முதுநிலையிலோ ஆராய்ச்சியிலோ மற்றதைச் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது என்பதுதான் கேள்வி. கணிதம் அவளுக்குச் சுமையாக இல்லையென்றால் இன்ஜினியரிங் பக்கமாக நுழையட்டும் என்பது என் கருத்து.

ஏன் என்பதற்கு, சோதனைக்கூடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்க வருபவரை முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வோம். டேப்பால் தலையை அளந்து, இடம் குறித்து, அங்கே தோலை லேசாகத் தேய்த்து, பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடை ஒட்டுவோம். ஒவ்வொன்றின் இம்பீடன்ஸும், அதாவது தோலோடு அது சேரும் இடத்தின் மின் தடையும், 5 கிலோ ஓமுக்குக் கீழே வருகிறதா என்று பார்ப்போம். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வராது. துடைத்து, தேய்த்து, மறுபடி ஒட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் சிக்னல் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். மார்பில் எடுக்கும் இதயத்தின் இ.சி.ஜி.யே சுமார் 1 மில்லிவோல்ட். சுவருக்குள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அறையில் இதைப் பிரித்தெடுக்க வேண்டும். அவர் கண்ணைச் சிமிட்டினால் நெற்றி எலக்ட்ரோடில் மூளை அலையைவிடப் பெரிய மேடு எழும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் சிக்னல் எல்லாவற்றையும் மூடிவிடும். "கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருங்கள்" என்று சொன்னதும் பின்மண்டையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்பா அலை சீராக எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அந்த அலையை முதலில் பார்த்த ஹன்ஸ் பெர்கர் ஒரு மனநல மருத்துவர். மனதின் இயக்கத்துக்கு உடலில் ஓர் அடையாளம் தேடியவர். ஜெர்மனியின் யேனா நகரில் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். அதைக் கட்டுரையாக வெளியிட்டது 1929-இல்தான். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி, தன் கருவியில் தெரிவது நிஜமாகவே மூளையிலிருந்துதான் வருகிறதா என்று சோதிப்பதிலேயே போனது. இன்றைக்கும் இந்தத் துறையின் முதல் வேலை அதுதான். சிக்னலைச் சந்தேகப்படத் தெரியாதவர் அதிலிருந்து மனதைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது. அந்தச் சந்தேகத்தை முறையாகக் கற்றுத் தருவது இன்ஜினியரிங் படிப்பு. ஆம்ப்ளிஃபையர், ஃபில்டர், சாம்ப்ளிங், சிக்னல் பிராசஸிங் எல்லாம் கணிதத்தின் மேல் நிற்பவை. இருபத்தைந்து வயதில் தனியாக உட்கார்ந்து அவற்றைக் கற்பது கஷ்டம். உளவியலை அந்த வயதில் ஆழமாகத் தொடங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக உளவியல் சுலபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விரல் நுனியில் எடுக்கும் தோல் மின்கடத்தலை எடுத்துக்கொள்வோம். திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்து கோடு மேலே ஏறும். ஆனால் பயத்திலும் ஏறும், சந்தோஷத்திலும் ஏறும், ஆழமாக ஒரு மூச்சு விட்டாலும் ஏறும். கிளர்ச்சி எவ்வளவு என்று அது காட்டும். அது எந்த உணர்ச்சி என்று காட்டாது. ஒரு காரணத்தை மட்டும் பிரித்துப் பார்க்கும்படி சோதனையை அமைப்பதுதான் உளவியலாளரின் திறமை. இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, இதே தோல் மின்கடத்தல் போன்றவற்றை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பொய்யறியும் சோதனையே உதாரணம். அதையும், மூளை அலைகளை வைத்துச் செய்யும் 'பிரெயின் மேப்பிங்' சோதனையையும், மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் விசாரிக்கும் நார்கோ அனாலிசிஸையும் ஒருவருடைய சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் என் ஆலோசனையை மாற்றும். உங்கள் மகளுக்கு அளப்பதைவிட, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குச் சிகிச்சை தருவதில்தான் ஆசை என்றால், பி.எஸ்சி. சைக்காலஜியே சரி. அங்கே பாதை நீளம். இளநிலை, முதுநிலை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த கிளினிக்கல் பயிற்சியும் பெற்றுப் பதிவு செய்தால்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியும். இந்தப் பயிற்சிக்கான விதிகள் சமீப ஆண்டுகளில் மாறி வருவதால், சேரும் முன் கவுன்சிலின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மூளை அலைகளைத் திரையில் காட்டி அவற்றைக் கட்டுப்படுத்தப் பழக்கும் 'நியூரோஃபீட்பேக்' பற்றிச் சில நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர்களும் உண்டு. அது இந்தப் பதிவுக்கு ஈடாகாது.

எது உண்மையான ஆசை என்று கண்டுபிடிக்க, விடுமுறையில் ஒரு வேலை செய்து பார்க்கட்டும். ஏ.டி.8232 என்ற சிப் வைத்த சின்ன இ.சி.ஜி. போர்டும், ஆர்டுயினோ என்ற சின்ன புரோகிராம் போர்டும், ஒட்டும் எலக்ட்ரோடுகளும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும்தான் இயக்க வேண்டும். உடம்பில் எலக்ட்ரோடு இருக்கும்போது கரண்டோடு எந்தத் தொடர்பும் கூடாது. அப்புறம் வீட்டில் ஒருவரை 1000-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லி, இதயத் துடிப்பு கூடுகிறதா என்று பார்க்கட்டும். மெதுவாக மூச்சு இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாவதும், விடும்போது குறைவதும்கூடத் தெரியும். கோடு நடுங்கும்போது அதைச் சரிசெய்யப் பொழுது போவது தெரியாமல் உட்காருகிறாளா, அல்லது அதை விட்டுவிட்டு "அம்மாவுக்கு ஏன் இவ்வளவு கூடியது, தம்பிக்கு ஏன் கூடவில்லை" என்று வீட்டில் எல்லோரையும் பிடித்து உட்கார வைக்கிறாளா என்று நீங்களே பார்க்கலாம்.

இன்ஜினியரிங் என்று முடிவானால், தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு வழியாகவே பி.இ. பயோமெடிக்கலில் சேரலாம். நீட் தேவையில்லை, கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிடும் அதே கட் ஆஃப்தான். கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. டெக், எஸ்.எஸ்.என். போன்ற இடங்களில் இந்தப் பிரிவு இருக்கிறது. பெயரில் கவனம் வேண்டும். பயோமெடிக்கல் சயின்ஸ், பயோடெக்னாலஜி இரண்டும் வேறு படிப்புகள். கருவியும் சர்க்யூட்டும் அவற்றில் மையம் இல்லை. மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் நெருக்கமானது. நல்ல கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தால், சுமாரான கல்லூரியின் பயோமெடிக்கலைவிட அதையே எடுக்கச் சொல்வேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் பொதுவானது. அதனால் வித்தியாசம் லேபில்தான் இருக்கும். நேரில் போய், மாணவர்கள் தங்கள் உடம்பிலிருந்தே சிக்னல் எடுக்கிறார்களா அல்லது சிமுலேட்டர் பெட்டியிலிருந்து வரும் அலையை வரைந்துவிட்டு வருகிறார்களா என்று கேளுங்கள். எந்த மருத்துவமனையில், எத்தனை நாள் பயிற்சி என்றும் கேளுங்கள். முதல்வர் அறையில் கேட்பதைவிட மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

முதுநிலையில்தான் இரண்டு துறைகளும் சேரும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்குத் தனித் தாள் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி.யோடும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தோடும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகிறது. உளவியல் பக்கம் திரும்ப, காந்திநகர் ஐ.ஐ.டி.யிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் உள்ள காக்னிட்டிவ் சயின்ஸ் (அறிதல், நினைவு, கவனம் போன்றவற்றை ஆராயும் துறை) முதுநிலைப் படிப்புகள் பொருத்தமானவை. வெளிநாடு என்றால் ஜெர்மனியின் டூபிங்கன், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் மூளை சிக்னல் ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு.

வேலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பி.இ. பயோமெடிக்கல் முடித்தவுடன் கிடைப்பவை பெரும்பாலும் மருத்துவமனையில் கருவிப் பராமரிப்பு, கருவி நிறுவனங்களில் சர்வீஸ், விற்பனை, செயல்விளக்கம் போன்ற வேலைகள். தொடக்கச் சம்பளம் பல சமயம் மென்பொருள் வேலையைவிடக் குறைவு. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்ததால், தரச் சோதனை, அனுமதிக்கான ஆவணங்கள் தயாரிக்கும் வேலைகளுக்கும் ஆள் தேவைப்படுகிறது. உங்கள் மகள் விரும்பும் வேலை முதுநிலைக்குப் பிறகுதான், அதுவும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் உடலில் அணியும் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களிலும்தான் கிடைக்கும். ஆக, ஆறு வருடப் படிப்புக்கு இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே பைத்தானில் சிக்னல்களை அலசப் பழகட்டும், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஏதாவது ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எழுதிக் கேட்கட்டும்.