வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நாட்டின் தலைவரானது எப்படி?

1981-இல் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன், 1930-களில் அயோவா மாநில வானொலியில் பேஸ்பால் ஆட்டங்களின் மறுவருணனையாளராக இருந்தவர். மறுவருணனை என்பது, ஆட்டத்தைப் பார்க்காமலே, தந்தியில் வரும் சுருக்கக் குறிப்புகளை வைத்துக் கண்முன் நடப்பதுபோல் விவரிப்பது. ஒருமுறை தந்தி நின்றுபோக, அது மீளும்வரை மட்டையாளர் கணக்கில் சேராத அடிகளாகவே அடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சமாளித்ததை அவரே பின்னாளில் சுவையாக நினைவுகூர்ந்திருக்கிறார்.

போச்சம்பள்ளிச் சந்தையில் நிற்பவர், வீட்டிலிருக்கும் தம்பிக்கு ஆட்டின் பல்லையும் நடையையும் கைபேசியில் சொல்லியே விலை முடிப்பதில்லையா? காணாதவரைக் காணவைக்கும் அந்தப் பேச்சுப் பழக்கமே அரசியலிலும் ரீகனுக்குக் கைகொடுத்தது என்பேன்.

குரல் மட்டுமே அவரை அதிபராக்கியது என்பது தவறான எண்ணம். 1937-இல் வானொலியை விட்டவர், திரைப்படம், நடிகர் சங்கத் தலைமை, எட்டாண்டு கலிஃபோர்னியா ஆளுநர் பதவி (நம் முதலமைச்சரைப் போல, மக்கள் தேர்தலில் வருவது) ஆகியவற்றைக் கடந்தே அங்கு சென்றார்.