தொட்டிலுக்கு இஎம்ஐ போடலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கைக்கு வருவது 58,000 ரூபாய். தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கும் மனைவிக்கு 41,000. வாடகை 28,000, வீட்டுச் செலவு 26,000, தங்கை கல்யாணக் கடன் 14,000, ஊரில் பெற்றோருக்கு 10,000, பைக் கடன் 4,000. பேங்க்கில் 2,40,000 இருக்கிறது. நவம்பர் முதல் வாரம் பிரசவத் தேதி. தலைப்பிரசவம் வேலூரில், மனைவியின் அம்மா வீட்டில். சின்ன அறையைக் குழந்தைக்கென்று அழகாக மாற்ற வேண்டும் என்பது மனைவியின் ஆசை. இன்டீரியர்காரர் 1,80,000 கேட்கிறார்: வால்பேப்பர், சுவர் ஓவியம் 38,000; கிரிப் (தடுப்புள்ள குழந்தைக் கட்டில்), மெத்தை, பம்பர் 46,000; அலமாரி 62,000; விளக்கு, திரைச்சீலை, கம்பளம் 34,000. கிரெடிட் கார்டில் வட்டியில்லா இஎம்ஐ, மாதம் 15,000 வீதம் 12 மாதம். முன்பணம் 5,000 கொடுத்துவிட்டேன். மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகும் நான்கு மாதம் சம்பளமில்லாமல் பிள்ளையோடு இருக்க மனைவி விரும்புகிறார். பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கக் கூடாது என்கிறார் மாமியார். மனைவியின் ஆசைக்குக் குறுக்கே நிற்கவும் மனமில்லை. என்ன செய்வது?

பதில்: வாழ்த்துகள். இந்த இஎம்ஐ வேண்டாம். அறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் கடைசியில் வழி சொல்கிறேன்.

உங்கள் மனைவி இரண்டு விஷயம் கேட்கிறார்: ஓர் அறை, நான்கு மாதம். அந்த நான்கு மாதச் சம்பளம் 1,64,000. அறைக்கான கொட்டேஷன் 1,80,000. இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

உங்கள் மாதச் செலவு 82,000. இன்று இருவர் சம்பளத்திலும் மிஞ்சுவது 17,000. இஎம்ஐ போட்டால் அது 2,000 ஆகிவிடும். மகப்பேறு சட்டப்படி உங்கள் மனைவிக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு; பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். செப்டம்பர் தொடக்கத்தில் விடுப்பு ஆரம்பித்தால் மார்ச் தொடக்கத்தில் முடியும். அதற்கடுத்த நான்கு மாதம் உங்கள் 58,000-இல் 82,000 செலவை ஓட்ட வேண்டும். மாதம் 24,000 துண்டு விழும், மொத்தம் 96,000. அதன் தலையில் இஎம்ஐயும் ஏறினால் 1,56,000. அப்போது வீட்டில் முதலில் வெட்டப்படுவது அந்த நான்கு மாதமாகத்தான் இருக்கும். இரண்டாவது மாதமே அவர் வேலைக்குத் திரும்ப வேண்டிவரும். அழகான அறையில் குழந்தையோடு வேறு யாரோ இருப்பார்கள்.

இஎம்ஐ இல்லாவிட்டால்? ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஏழு மாதம் அந்த 17,000-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். 1,19,000 சேரும். நான்கு மாதத் துண்டை அடைத்த பிறகும் 23,000 மிச்சம். 2,40,000-இல் கை வைக்கவே இல்லை. அது பிரசவத்துக்கும், டாக்டர், டயப்பர் செலவுக்கும், அவசரத்துக்கும்.

வட்டியில்லா இஎம்ஐ என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். வட்டி உண்டு, அதைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிக்கிறார். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்றால் உங்கள் தொகைக்குச் சுமார் 2,500 ரூபாய், கட்டணம் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், உண்மை விலை தெரியும்.

உங்கள் மாமியார் சம்பிரதாயமாகச் சொன்னது, கணக்கிலும் சரியாகத்தான் வருகிறது. தாய்வீட்டில் பிரசவம். குழந்தை பெங்களூருக்கு வருவது ஐந்தாம் மாதம், அதாவது மார்ச். ஆகஸ்டில் வால்பேப்பர் ஒட்டினால் ஏழு மாதம் அதைப் பூட்டிய அறையில் வைத்துப் பணம் கட்டுவீர்கள். வந்த பிறகும் குழந்தை அங்கே தூங்கப்போவதில்லை. முதல் ஆறு மாதமாவது பெற்றோர் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை தூங்குவது நல்லது என்பதே குழந்தைநல மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 40,000 ரூபாய் கிரிப்பை நேரில் பார்த்தேன். உள்ளே மடித்த துணி, டயப்பர் பாக்கெட், ஓரத்தில் கொசு பேட். குழந்தை பக்கத்து அறையில், பாட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த சின்னக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

பம்பரைக் கட்டாயம் நீக்குங்கள். கிரிப்பின் ஓரத்தில் கட்டும் அந்த மெத்தைப்பட்டை மூச்சடைக்கும் ஆபத்து உள்ளது என்று அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டு விற்பனையைத் தடை செய்தார்கள். தலையணை, பஞ்சுப் பொம்மையும் படுக்கையில் வேண்டாம். கெட்டியான, சமமான மெத்தை போதும்.

சுவருக்கு 38,000 கொடுப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பெங்களூரில் வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று பெரும்பாலும் ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அது 28,000. நீங்கள் ஒட்டிய யானையையும் நிலாவையும் சுரண்டி எடுக்க நீங்களே பணம் கொடுத்த மாதிரி ஆகும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைப் படியுங்கள்.

இனி அறை. அந்த 23,000-ஐ மார்ச்சில் செலவழியுங்கள். முதலில் ஜன்னலுக்குக் கொசுவலை. பெங்களூரில் இதைவிட முக்கியமான அலங்காரம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்தால் குழந்தைத் துணிக்குப் போதும். போதவில்லை என்றால் பழைய இழுப்பறை அலமாரி ஒன்றை வாங்கிச் சுவரோடு திருகி விடுங்கள், குழந்தை பிடித்து எழும்போது சாயாமல் இருக்க. தவழ ஆரம்பிக்கும்போது தரை விரிப்பு, பிளக் மூடி. வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒரே ஒரு சுவருக்கு உங்கள் மனைவி விரும்பும் நிறம். பெயின்ட் டப்பாவில் ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று இருக்கட்டும். 2017 நவம்பர் முதல் அது சட்டம். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது தாயும் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டாம். மைசூரு சாலையில் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணா. நம் ஊரில் வெட்பாலை என்கிறோமே, அந்த மரத்தில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய கிலுகிலுப்பை அங்கே கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போங்கள், உங்கள் மனைவியே தேர்ந்தெடுக்கட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. உங்கள் இருவர் ஆபீஸிலும் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்: சிசேரியனுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு வரை தரும், வேலூரில் நீங்கள் நினைக்கும் ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் பட்டியலில் உள்ளதா, குழந்தையின் பெயரை எத்தனை நாளில் சேர்க்க வேண்டும். தடுப்பூசிகளில் பிசிஜி, போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்.

மனைவியிடம் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். ஒரு தாளில் 1,80,000, பக்கத்தில் 1,64,000 என்று எழுதி, எது வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். அவர் கணக்காளர், உங்களைவிட வேகமாகக் கூட்டிப் பார்ப்பார்.

முன்பணம் 5,000-ஐ, வேலை தொடங்கவில்லை என்பதால், திருப்பிக் கேளுங்கள். ரசீதும் வாட்ஸ்அப் செய்திகளும் பத்திரம். தர மறுத்தால் 5,000 போகட்டும். அதைக் காப்பாற்ற மீதி 1,75,000-ஐக் கொடுக்க வேண்டாம்.