இன்ஜினியர் இல்லாமல் வீட்டு வேலையின் தரத்தை நாமே பார்க்க முடியுமா?

கோவைப் பக்கம் வீடு கட்டுகிறீர்கள், மேஸ்திரி செய்வது சரியா என்று தெரியவில்லை என்கிறீர்கள். பாதிக்கு மேல் நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரூஃப் கான்கிரீட் போடும் முந்தின நாள் மாலையே சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் பலகைத் தட்டு) மேல் ஏறிப் பாருங்கள். கம்பி பலகையைத் தொடவே கூடாது. ஸ்லாபுக்கு, அதாவது ரூஃப் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. தடிமனில் கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடையே வைக்கும் சிறு கட்டை) வேண்டும். பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் செருகியிருந்தார்கள். அது நகர்ந்த இடத்தில் சில வருடத்திலேயே கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுந்தது. இன்றும் நிமிர்ந்து பார்த்தால் மனசு வலிக்கிறது.

அப்புறம் தண்ணீர். போட்ட கான்கிரீட் பலம் பெற ஈரமாகவே இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். ஸ்லாப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் 14 நாள் நல்லது. தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். தூணுக்குத்தான் எப்போதும் தண்ணீர் விட மறந்துபோவார்கள்.

செங்கல் இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணலை) கையில் பிடித்து உதறுங்கள். மாவு மாதிரி தூசி நிறைய ஒட்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம்.

கான்கிரீட்டின் பலம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. போடும்போதே அந்தக் கலவையில் 150 மி.மீ. கியூப் (கனசதுரக் கட்டி) எடுத்து வைத்து, 28ஆம் நாள் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் தரம் எம்20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனாவது தாங்க வேண்டும்.